காமினோ நடைப்பயணமும் யாத்திரிகர் விடுதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரப் பேராலயத்தில், இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நெடுங்கால நம்பிக்கை. அந்த நகரை நோக்கி ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் வரும் நடைவழிகளுக்குக் காமினோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் ‘வழி’ என்பதுதான் அதற்குப் பொருள். அவற்றுள் மிகுதியான பேர் நடக்கும் ‘பிரெஞ்சு வழி’யை ஒருமுறை முழுமையாகவும், அதன் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு முறையும் நடந்திருக்கிறேன். அதன்பின் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியுள்ளேன். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு நடையைவிடத் தங்குமிடமே கவலையாக இருந்ததால், விடைகளிலும் விடுதிக்கே இடம் அதிகம்.

இந்தச் சந்தியாகோ நம் ஊர்ச் சந்தியாகப்பர்தானா?

அவரேதான். புனித யாக்கோபைத்தான் ஸ்பானிய மொழியில் சந்தியாகோ என்கிறார்கள். போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழ்க் கடற்கரைக்கு வந்த பெயர் அது. ராமேஸ்வரத்துக்கு அருகே தங்கச்சிமடம் வேர்க்காட்டில் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது. கடலோர ஊர்களில் சந்தியாகு என்று பெயரிட்ட பெரியவர்களை இன்றும் காணலாம். இங்கும் அங்கும் திருநாள் ஜூலை 25. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டைக் கொம்போஸ்தெலாவில் புனித ஆண்டாகக் கொண்டாடுவார்கள். அடுத்தது 2027. கூட்டத்தை விரும்பாதவர்கள் அந்த ஆண்டைத் தவிர்ப்பது நல்லது.

முழு வழியின் தூரம் எவ்வளவு? எத்தனை நாள் ஆகும்?

பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கும் சான் ஜான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கினால் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பிரனீஸ் மலையைக் கடந்து பம்ப்லோனா, லொக்ரோன்யோ, புர்கோஸ், லெயோன் ஆகிய நகரங்களின் வழியே கலீசியாவுக்குள் நுழைய வேண்டும். வழிகாட்டிகளில் 30 முதல் 33 நாள் என்று போட்டிருப்பார்கள். நாள்தோறும் 24, 25 கிலோமீட்டர் நடந்தால் அந்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒருநாள்கூட ஓய்வு வேண்டாம், காலில் ஒன்றும் ஆகாது, மழைக்கு ஒதுங்க வேண்டியிராது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. விமானச் சீட்டை 38 நாளுக்குப் போடுங்கள் என்று நான் சொல்வேன். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கையில் நாள் இருப்பவருக்குக் காயமும் நிரம்பிய விடுதியும் சிறு தொல்லைகள், கையில் நாள் இல்லாதவருக்கு அவையே பயணத்தின் முடிவு.

முதல் நாள்தான் வழியிலேயே கடினமான நாட்களில் ஒன்று. சுமார் 25 கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, பிறகு ரோன்செஸ்வாயெஸ் மடத்துக்கு இறங்க வேண்டும். விமானத்தில் வந்த அசதியோடு மறுநாள் காலையே அதில் கால் வைப்பதைவிட, ஏறத்தாழ எட்டாவது கிலோமீட்டரில் மலைமேல் இருக்கும் ஒரிசோன் விடுதியில் முன்கூட்டியே இடம் சொல்லி வைத்து, அந்த நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலைப்பாதை மூடப்பட்டிருக்கும். அப்போது பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் வல்கார்லோஸ் பாதைதான்.

அவ்வளவு விடுப்புக் கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து சுமார் 115 கிலோமீட்டர், ஐந்தாறு நாள் நடை. நடந்து முடித்தவர்களுக்குத் தரும் சான்றிதழுக்குத் தேவையான குறைந்த அளவு 100 கிலோமீட்டர் என்பதால் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். அதனாலேயே அந்தப் பகுதி திருவிழா வீதி போல் இருக்கும். தனிமையை விரும்புகிறவர்களுக்கு லெயோனிலிருந்து இரண்டு வாரம் நடப்பது நல்ல நடுவழி.

நான் கிறிஸ்தவர் அல்ல. நடக்கலாமா?

நடக்கலாம். எந்த விடுதியிலும் உங்கள் சமயத்தை வைத்து இடம் மறுப்பதில்லை. சமயப் பற்றுக்காக நடப்பவர், பிரிந்துபோன ஒருவரின் நினைவாக நடப்பவர், வேலையை விட்டுவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் நடப்பவர் என எல்லாரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். கோயில் விடுதிகளில் மாலை வேளையில் யாத்திரிகர்களுக்கான ஆசி நடக்கும். அதில் கலந்துகொள்வது கட்டாயமில்லை. கலந்துகொள்பவர்களை யாரும் சமயம் விசாரிப்பதுமில்லை.

பழநிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போய்ப் பழகியவர்களுக்கு இது எளிதாக இருக்குமா?

கால் பழகியிருக்கும், ஆனால் முறை வேறு. நம் பாதயாத்திரையில் குழு இருக்கும், முன்னே வண்டி போகும், வழியெங்கும் அன்னதானப் பந்தல் இருக்கும், கால் எரிச்சல் தெரியாமலிருக்க இரவில் நடப்போம். காமினோவில் தனியாகத்தான் பெரும்பாலோர் நடக்கிறார்கள், சுமை தம் முதுகில், நடை பகலில். வெறுங்காலில் நடக்கும் வழக்கம் அங்கே இல்லை. கூர்ங்கல்லும் சேறும் நிறைந்த பாதையில் ஒரு மாதம் அப்படி நடக்க முயல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். நேர்த்திக்கடன் என்று இருப்பவர்கள் கடைசி நாளின் கடைசி ஒரு கிலோமீட்டரில், நகரத்துக் கல்தெருவில், காலணியைக் கழற்றிக்கொள்ளலாம்.

விசாவுக்கு ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்களே, பதிவு செய்யாத விடுதிகளுக்கு எதைக் காட்டுவது?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்தின் பெரும்பகுதி ஸ்பெயினில் கழிவதால், முதலில் இறங்குவது பிரான்ஸ் ஆனாலும், ஸ்பெயினிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் தரலாம். கோடைக்காலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பதே அரிதாகிவிடுவதால் தாமதிக்க வேண்டாம்.

தங்குமிடத்துக்கு நான் செய்தது இதுதான்: முதல் மூன்று இரவுகளுக்கும், பெரிய நகரங்களில் சில இரவுகளுக்கும், கடைசி இரண்டு இரவுகளுக்கும் உண்மையான பதிவுகளை இணைத்தேன். இடைப்பட்ட நாட்களுக்கு, எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்குவேன் என்ற அட்டவணையையும், யாத்திரிகர் விடுதிகளில் பல முன்பதிவு ஏற்பதில்லை என்ற விளக்கத்தையும் ஒரு கடிதமாக எழுதி வைத்தேன். போலிப் பதிவு எடுத்து, விசா வந்ததும் ரத்து செய்யும் குறுக்குவழியைச் சில முகவர்கள் சொல்வார்கள். அதன் பக்கம் போக வேண்டாம்.

யாத்திரிகர் அட்டை என்றால் என்ன?

ஸ்பானிய மொழியில் கிரெதென்சியால் என்பார்கள். மடித்து வைக்கக்கூடிய ஒரு நீண்ட அட்டை. அதில் கட்டம் கட்டமாக இடம் விட்டிருக்கும். தங்கும் ஒவ்வொரு விடுதியிலும் முத்திரை குத்தித் தேதி எழுதித் தருவார்கள். கோயில்களிலும் காபிக் கடைகளிலும்கூட முத்திரை உண்டு. யாத்திரிகர் விடுதியில் படுக்கை பெற இந்த அட்டை வேண்டும் என்பதால் இதைச் சத்திரத்துக்கான கடவுச்சீட்டு என்றே கொள்ளலாம். சான் ஜானில் உள்ள யாத்திரிகர் அலுவலகத்தில் சில யூரோ கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கலீசிய மழையில் ஒருவருடைய முத்திரைகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து ஊதா நிறக் கறையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

விடுதிகள் எப்படிப்பட்டவை?

அல்பெர்கே என்பது பொதுப்பெயர். நகராட்சி அல்லது மாநில அரசு நடத்துபவை, பங்குக் கோயிலோ மடமோ நடத்துபவை, யாத்திரிகர் சங்கங்கள் நடத்துபவை, தனியார் நடத்துபவை எனப் பலவகை. கலீசியாவில் மாநில அரசின் விடுதி ஏறத்தாழ எல்லா முக்கிய ஊரிலும் உண்டு. படுக்கைக்கு 10 யூரோ அளவில் வாங்குகிறார்கள். தனியார் விடுதிகளில் 12 முதல் 20 யூரோ வரை ஆகும். அறை ஒன்றுக்கு எட்டுப் பேரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். ரோன்செஸ்வாயெஸ் மடத்து விடுதியில் 180-க்கும் மேற்பட்ட படுக்கைகள். முதல் இரவே அவ்வளவு பேரோடு ஒரே கூரையின் கீழ் படுப்பது சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் அலுப்பில் தூக்கம் வந்துவிடும்.

கோயில் விடுதிகளையும் சங்க விடுதிகளையும் பெரும்பாலும் ஒஸ்பித்தலேரோ எனப்படும் தொண்டர்கள் கவனிக்கிறார்கள். முன்பு தாமே நடந்தவர்கள், இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கழிப்பறை கழுவுவது முதல் நாற்பது பேருக்குப் பருப்பு வேகவைப்பது வரை எல்லாவற்றையும் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். இத்தாலியச் சங்கம் ஒன்று நடத்தும் புனித நிக்கோலா விடுதி புர்கோஸுக்கு மேற்கே, பிசுவேர்கா ஆற்றங்கரையில், ஒரு பழைய சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. அங்கே இரவு உணவுக்கு முன், வந்தவர்களின் பாதத்தைக் கழுவிவிடும் பழைய வழக்கம் இன்றும் உண்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அறுபது வயதுக்காரர் ஒருவர் குனிந்து என் வலது பாதத்தில் தண்ணீர் ஊற்றியபோது காலை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. பெரியவர் ஒருவர் நம் காலைத் தொடுவதை நம் வளர்ப்பு ஏற்றுக்கொள்வதில்லை.

முன்பதிவு செய்ய வேண்டுமா, செய்யாமல் போகலாமா?

தனியார் விடுதிகளில் பதிவு செய்யலாம். நகராட்சி, கோயில் விடுதிகளில் பெரும்பாலானவை வந்தவர்க்கு வந்த வரிசையில் இடம் தருகின்றன. பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணி அளவில் கதவு திறப்பார்கள், அதற்கு முன்பே வாசலில் முதுகுப்பைகள் வரிசையாக நிற்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை, பை நின்றால் போதும். தக்காளி ரேஷன் வரிசையில் செங்கல் வைத்துவிட்டுப் போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மே, செப்டம்பர் மாதங்களில் சான் ஜான் தொடங்கி முதல் சில இரவுகளுக்கும், சாரியாவுக்குப் பிறகும் பதிவு செய்துகொள்வது அறிவுடைமை. இடைப்பட்ட வழியில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு மாதத்தையும் முன்பே பதிவு செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தேன். கால் வீங்கினாலும் அடுத்த ஊருக்கு நடந்தாக வேண்டும், பிடித்த ஊரிலும் நிற்க முடியாது. படுக்கை கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே தலைவிளக்கோடு ஓடுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டு முறைதான் விடுதி நிரம்பியிருந்தது. ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக நடந்தேன். இன்னொரு முறை விடுதிக்காரரே தொலைபேசியில் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அறை பிடித்துத் தந்தார்.

விடுதியில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

வந்ததும் காலணியைக் கழற்றி வாசல் அருகே உள்ள தட்டில் வைக்க வேண்டும்; உள்ளே போட்டுக்கொண்டு போகக் கூடாது. அட்டையில் முத்திரை, கடவுச்சீட்டு விவரப் பதிவு, கட்டணம். பிறகு படுக்கை எண் சொல்வார்கள் அல்லது நீங்களே தேர்ந்துகொள்ளலாம். அடுக்குக் கட்டிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் பாக்கியம். முழங்கால் வலியோடு வந்த முதியவருக்கு அதை விட்டுக்கொடுப்பது வழக்கம். கட்டிலில் விரிக்க ஒருமுறைப் பயன்பாட்டு உறை தருவார்கள். போர்வை எல்லா இடத்திலும் இராது என்பதால் எடை குறைந்த உறங்குபை ஒன்று தேவை.

அடுத்து குளியல். வெந்நீர் பெரும்பாலும் இருக்கும், ஆனால் கடைசியில் வருபவருக்கு இராது. பிறகு துணி. கொல்லைப்புறத்தில் கல் பதித்த தொட்டி இருக்கும். அன்றைய சட்டையையும் காலுறையையும் அங்கேயே கசக்கிக் கொடியில் போட்டுவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். காயாத காலுறையை மறுநாள் பையின் வெளிப்புறத்தில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதுதான் காமினோக்காரர்களின் அடையாளம். யாத்திரிகர் சின்னமான சிப்பி ஓடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரவு பத்து மணிக்கு விளக்கும் வாசற்கதவும் அடைபடும். காலை எட்டு மணிக்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். ஒரு விடுதியில் ஓர் இரவுதான் என்பது பொதுவிதி. விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் பையை முந்தின இரவே கட்டி வைத்துவிட்டு, வெளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்ய வேண்டும். குறட்டையை மன்னித்துவிடுவார்கள். ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரிப்பவரை யாரும் மன்னிப்பதில்லை. காதடைப்பான் இரண்டு இணை எடுத்துச்செல்லுங்கள், ஒன்று எப்படியும் கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விடும்.

‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்னும் விடுதிகளில் எவ்வளவு கொடுப்பது?

தோனத்தீவோ எனப்படும் இவற்றில் கட்டணம் கிடையாது, ஓர் உண்டியல் இருக்கும். கிரான்யோன் ஊர்க் கோயிலில் மணிக்கூண்டை ஒட்டிய தளத்தில் மெத்தை விரிப்புகளைத் தரையில் போட்டுத்தான் படுக்கை. உணவு எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்பது. அங்கே பணப்பெட்டி திறந்தே இருக்கிறது. முடிந்ததைப் போடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இதை இலவசம் என்று எண்ணுவது பெரும்பிழை. இன்று நீங்கள் உண்ட பருப்பு நேற்று வந்தவர் போட்ட காசில் வாங்கியது. வசதி உள்ளவர் இரவு உணவும் படுக்கையும் சேர்த்து 20 யூரோவாவது போடுவதுதான் முறை. உண்மையாகவே கையில் இல்லாதவர் கூச்சப்படாமல் பாத்திரம் கழுவித் தரலாம்.

மூட்டைப்பூச்சி உண்டா?

உண்டு, சுத்தமான விடுதியிலும் வரலாம், நம்மோடு நடப்பவரின் பையில்தான் அது ஊர் விட்டு ஊர் போகிறது. பையைக் கட்டில்மேல் வைக்கக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். படுக்கும் முன் மெத்தையின் தையல் ஓரங்களைக் கைபேசி விளக்கில் பாருங்கள். கரும்புள்ளி வரிசை தெரிந்தால் சத்தம் போடாமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். கடி விழுந்துவிட்டால் துணி அனைத்தையும், உறங்குபை உட்பட, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் போட்டு எடுக்க வேண்டும். குளிர்ந்த நீரில் துவைப்பதால் மட்டும் அவை சாவதில்லை.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ‘யாத்திரிகர் உணவு’ என்று மூன்று வட்டமாக, ரொட்டியும் ஒயினும் சேர்த்து 12 முதல் 16 யூரோவுக்குத் தருவார்கள். நடுவட்டம் பெரும்பாலும் இறைச்சியோ மீனோதான். காய்கறி சாலட் என்று வருவதில் சூரை மீன் தூவியிருக்கும், ‘சின் அத்தூன்’ என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பருப்புக் குழம்பில் பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். கலீசியக் கீரைச் சாற்றைப் பன்றிக் கொழுப்பில்தான் காய்ச்சுவார்கள். முட்டை சாப்பிடுபவருக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் தொர்த்தீயா காபிக் கடைதோறும் கிடைக்கும். முட்டையும் வேண்டாதவர்களுக்குச் சமையலறை உள்ள விடுதிகளே கதி. ஊர்க் கடையில் அரிசி, கொண்டைக்கடலை, தக்காளி, வெங்காயம் கிடைக்கும். நூறு கிராம் சாம்பார்ப் பொடியும் கொஞ்சம் பெருங்காயமும் கொண்டுபோனேன். முதல் நாள் தாளித்தபோது சன்னலைத் திறந்து வைத்தவர்கள் மூன்றாம் நாள் தட்டோடு வந்து நின்றார்கள். பிற்பகலில் கடைகள் அடைத்துவிடுவார்கள், சிற்றூர்களில் ஞாயிறன்றும் அப்படித்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பையில் எவ்வளவு எடை இருக்கலாம்?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மாற்றுடை, மூன்று இணைக் காலுறை, மழையுடை, உறங்குபை, மருந்து, தண்ணீர் ஆகியவற்றுக்கு மேல் எது வைத்தாலும் பம்ப்லோனாவுக்குள் அது தபாலில் போகும் அல்லது விடுதியில் கிடக்கும். பையை அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பும் சேவையும் உண்டு. ஆனால் கோயில், அரசு விடுதிகள் பல அப்படி வரும் பைகளை ஏற்பதில்லை.

கால் புண்ணானால் என்ன செய்வது?

கொப்புளம் வருவதற்கு முன் ஒரு சூடு தெரியும். அப்போதே உட்கார்ந்து, காலுறையை மாற்றி, ஒட்டுப்பட்டி போடுங்கள். அடுத்த ஊர் வரட்டும் என்று நடந்தவர்கள்தான் மூன்று நாள் நொண்டுகிறார்கள். புதுக் காலணியோடு வராதீர்கள்.

கொப்புளத்தைவிடக் கடியது தசைநாண் அழற்சி. பம்ப்லோனாவுக்கு அப்பால் காற்றாலைகள் நிற்கும் பெர்தோன் மேட்டிலிருந்து உருளைக்கற்கள் நிறைந்த சரிவில் வேகமாக இறங்கினேன். மறுநாள் இடது முன்னங்காலின் கீழ்ப்பகுதி சிவந்து, கையை வைத்தால் உள்ளே நறநறவென்றது. மருந்துக்கடைக்காரப் பெண்மணி பார்த்துவிட்டு, ஒரு களிம்பைத் தந்து, மூன்று விரலைக் காட்டினார்: மூன்று நாள். ஓர் இரவு விதி நோயாளிக்குப் பொருந்தாது என்று கோயில் விடுதித் தொண்டர் சொல்லி இரண்டு இரவு இருக்கவிட்டார். மூன்றாம் நாளைத் தனியார் விடுதியில் கழித்தேன். அந்த மூன்று நாளும் என் 38 நாள் கணக்கில் இருந்தன. அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

எந்த மாதம் நல்லது? வழி தவறுமா?

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் புர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடைப்பட்ட மெசேத்தா மேட்டுச் சமவெளியில் நிழலே இல்லை; கரியோன் ஊரைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஓர் ஊர் கிடையாது. கலீசியாவில் எந்த மாதமும் மழை பெய்யும்.

வழி தவறுவது கடினம். ஓ செப்ரெய்ரோ மலையூரின் பங்குத் தந்தை எலியாஸ் வலீன்யா 1980-களில் மஞ்சள் சாயத்தோடு புறப்பட்டு, சுவரிலும் மரத்திலும் கல்லிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்று உலகெங்கும் காமினோவின் அடையாளம் அந்த மஞ்சள் அம்புதான். அரை மணி நேரமாக அம்பு தென்படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த அம்புக்குத் திரும்புங்கள்.

சான்றிதழில் நம் பெயர் எப்படி வரும்?

குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து, அல்லது 200 கிலோமீட்டர் சைக்கிளில் வந்து, நாளுக்கு இரண்டு முத்திரை வாங்கியிருந்தால் கொம்போஸ்தெலா என்ற இலத்தீன் சான்றிதழ் இலவசமாகத் தருவார்கள். சமய அல்லது ஆன்மிக நோக்கத்தில் வந்தேன் என்று சொல்பவர்களுக்கே அது. மற்றவர்களுக்கு வேறொரு வரவேற்புச் சான்று உண்டு. 2024-இல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கொம்போஸ்தெலா பெற்றிருக்கிறார்கள். இலத்தீன் வடிவம் உள்ள பெயர்களை அப்படியே மாற்றி எழுதுவார்கள், சந்தியாகு என்பவர் ‘யாக்கோபும்’ (Iacobum) ஆகிவிடுவார். நம் பெயர்களில் பலவற்றுக்கு அந்த வழி இல்லை. என் முறை வந்தபோது மேசைக்கு அப்பால் இருந்த தொண்டர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருந்த என் தந்தையின் பெயரையே என் பெயரென்று நினைத்து எழுதத் தொடங்கிவிட்டார். திருத்தச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, நடக்க வர ஆசைப்பட்டு வர முடியாமல் போனவர் அவர்தானே என்று விட்டுவிட்டேன்.